விருந்தினர் விட்டுச் செல்லும் புகை

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் தெரு, இருபுறமும் நீர் சூழ்ந்த ஒடுங்கிய மணற்றரையின்மீது செல்கின்றது. மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் களப்பு. அம்மணற்றரையில் அமைந்த ஊர்களுள் ஒன்று பள்ளிவாசல்துறை. தொழுவதற்கு ஒரு பள்ளி, தோணி கட்டுவதற்கு ஒரு துறை என்று ஊர்ப் பெயரிலேயே ஊரின் வாழ்வு அடங்கிக் கிடக்கின்றது. கற்பிட்டிக் குடாநாட்டு மக்கள் கடலை நம்பியும் தோட்டத்தை நம்பியும் வாழ்பவர். மணலைத் தோண்டினால் நன்னீர் ஊறும். அந்நீரை இறைத்து வெங்காயமும் மிளகாயும் பயிரிடுவர். அவற்றோடு புகையிலையும் இம்மண்ணில் விளைந்து வந்துள்ளது. ஆகவே புகையிலை இன்னதென்று இவ்வூராருக்கு எடுத்துச் சொல்லப் புதிதாக ஒருவர் வரவேண்டியதில்லை. நட்டவரும் அவரே, உலர்த்தியவரும் அவரே, சுருட்டாக்கிப் புகைத்தவரும் அவரே.

வீட்டிற்கு வந்தவருக்கு முதலில் வெற்றிலைத் தட்டத்தை நீட்டுவது தமிழ் வழங்கும் கரையெங்கும் உள்ள வழக்கம். தட்டத்தில் பாக்கும் சுண்ணாம்பும் மட்டுமன்றிப் புகையிலைத் துண்டும் இருக்கும். ஆண்கள் கூடியிருக்கும் இடமாயின் சுருட்டும் இருக்கும். பிற்காலத்திலே சுருட்டின் இடத்தை வெண்சுருட்டு பிடித்துக்கொண்டது. வந்தவர் தீக்குச்சியைக் கிழித்தால், வீட்டுக்காரர் சாம்பல் தட்டுவதற்கு ஒரு சிரட்டையைக் கொண்டுவந்து அருகில் வைப்பார். "இங்கே புகைக்க வேண்டாம்" என்று சொல்லுவது விருந்தோம்பலுக்கு இழுக்கு என்றே கருதப்பட்டது. அந்தக் கருத்து வீட்டிலிருந்து தேநீர்க் கடைக்குச் சென்றது. தேநீர்க் கடையிலிருந்து ஹோட்டலுக்குச் சென்றது. அங்கே அதற்கு மேலும் ஒரு வலுவுண்டு. வந்திருப்பவர் விருந்தினர் மட்டுமல்லர். காசு கொடுப்பவரும் ஆவார். அவரைத் தடுப்பவர் யார்?

இன்று இக்கரையின் நிலை இரு வழியாலும் மாறியிருக்கின்றது. ஒருபுறம் உலகம் இக்கரையைத் தேடி வருகின்றது. மே மாதந் தொடங்கி ஒக்டோபர் வரை வீசும் தென்மேற்குக் காற்றை நாடி, பட்டங்கட்டி நீர்மேல் சறுக்கும் விளையாட்டுக்காக ஐரோப்பியர் கற்பிட்டிக்கு வருகின்றனர். காற்று ஓய்ந்த மாதங்களில் ஓங்கில் மீன் கூட்டங்களைப் பார்ப்பதற்கென்று வேறு சிலர் வருகின்றனர். அவர்களுக்கென நாலறையும் பத்தறையுமாகக் கிடுகு வேய்ந்த விடுதிகள் எழுந்துள்ளன. மறுபுறம் இக்கரை உலகத்தைத் தேடிப் போகின்றது. புத்தளம் மாவட்டத்துப் பிள்ளைகள் தொழில் நாடி வளைகுடா நாடுகளுக்குச் செல்கின்றனர். உம்றாவுக்கும் ஹஜ்ஜுக்கும் போவோர் உண்டு. மருத்துவத்துக்காகச் சென்னை செல்வோரும் உண்டு. பள்ளிவாசல்துறையைச் சேர்ந்த ஓர் இளைஞன் ஒரு பருவத்தில் விடுதியில் தட்டு ஏந்துபவனாகவும், மறு பருவத்தில் அயல்நாட்டு விடுதியொன்றில் அறை கேட்டு நிற்பவனாகவும் இருக்கின்றான் எனக் கொள்க. புகைத்தல் பற்றிய விதி இவனுக்கு எப்பக்கத்திலிருந்து விளங்கும்? தட்டு ஏந்தி நிற்கும் பக்கத்திலிருந்தே நன்கு விளங்கும். அப்பக்கத்திலிருந்தே இதனை நோக்குதல் வேண்டும்.

முதலில் உள்ளூர்ச் சட்டம். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை நிறுவியது. அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. மூடிய பொது இடத்தினுள் ஒருவர் புகைத்தலாகாது. அவ்விடத்துக்குப் பொறுப்பானவர் பிறரைப் புகைக்க விடுதலும் ஆகாது என்பது அதன் விதி. இரண்டாவது பகுதியே கூர்ந்து நோக்கத்தக்கது. குற்றம் புகைத்தவரோடு நிற்பதில்லை. சிரட்டையைக் கொண்டுவந்து வைத்தவரையும் அது சாரும்.

ஆயினும் விதிக்கு ஒரு விலக்கு உண்டு. முப்பது அறையேனும் உள்ள ஹோட்டல், முப்பது பேரேனும் அமரத்தக்க உணவுச்சாலை, விமான நிலையம் ஆகியவற்றில் புகைப்பதற்கெனத் தனியிடம் ஒதுக்கலாம். அங்கிருந்து புகை மற்றைய இடங்களைக் கெடுக்கலாகாது. காற்றோட்ட வசதியும் போதியதாய் இருத்தல் வேண்டும். கடல் கடந்து இந்தியாவுக்குச் சென்றாலும் இதே முப்பதுதான் எதிர்ப்படுகின்றது. காந்தியடிகளின் பிறந்த நாளாகிய 2008 ஒக்டோபர் 2ஆம் நாள் முதல் அங்கே நடைமுறைக்கு வந்த விதிகளும், முப்பது அறை கொண்ட ஹோட்டலுக்கும் முப்பது இருக்கை கொண்ட உணவுச்சாலைக்கும் விமான நிலையத்துக்குமே தனியிடம் வைக்க இடமளித்தன. ஆகவே சென்னையிலே மருத்துவமனைக்கு அருகில் பத்துப் பன்னிரண்டு அறை கொண்ட சிறு விடுதியில் தங்கும் இலங்கையர், கூடத்தில் அமர்ந்து புகைத்தற்குச் சட்டத்தில் இடமே இல்லை. கற்பிட்டியில் நாலறை விடுதிக்கு உள்ள நிலை எதுவோ, அதுவே அங்கும்.

முப்பது என்னும் எண்ணுக்கு நியாயம் யாது? சிறிய இடத்தில் புகையைப் பிரித்து வைக்க இடமில்லை, பெரிய இடத்தில் உண்டு என்பதே நியாயம் போலும். கணக்கிலே இது பொருந்தலாம். ஆனால் இருபத்தொன்பது அறை விடுதியில் வேலை செய்யும் பரிசாரகனின் நெஞ்சு வேறு, முப்பது அறை விடுதியில் வேலை செய்பவனின் நெஞ்சு வேறா? ஒதுக்கப்பட்ட அந்தத் தனியிடத்துக்குள் விருந்தினர் விரும்பிச் செல்கின்றார். கோப்பையை எடுக்கவும் சாம்பற் கிண்ணத்தைக் கழுவவும் செல்பவன் விரும்பியா செல்கின்றான்? யப்பான் நாட்டிலே 2020 ஏப்ரல் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த சட்டம் இதற்கு நேர்மாறானது. அங்கே உணவுச்சாலைகளின் உள்ளே புகைத்தல் பொதுவாக விலக்கப்பட்டபோது, முன்பிருந்தே நடந்துவந்த சின்னஞ்சிறு கடைகளுக்கே சலுகை கிடைத்தது. இலங்கையில் பெரியவனுக்குச் சலுகை. யப்பானில் சிறியவனுக்குச் சலுகை. எனினும் யப்பானியர் ஒன்றை மறக்கவில்லை. புகைக்க விடப்பட்ட பகுதிக்குள் இருபது வயது நிரம்பாதவர் எவரும் போகலாகாது என்றனர். அங்கே வேலை செய்யும் பிள்ளையும் அதனுள் அடக்கம்.

கனடாவின் ஒட்டாவா நகரில் ஹெதர் குரோ என்னும் பெண்மணி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உணவுச்சாலைகளில் பரிமாறுபவராக வேலை செய்தார். அவர் தம் வாழ்நாளில் புகைத்தவரல்லர். 2002ஆம் ஆண்டில் அவருக்கு நுரையீரலிலே புற்றுநோய் கண்டது. புகை எங்கிருந்து வந்தது? மற்றவர்களின் மேசையிலிருந்து வந்தது. வேலைத்தலத்தில் நேர்ந்த நோய் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டு, தொழிலாளருக்குரிய நட்டஈடும் அவருக்குக் கிடைத்தது. எஞ்சிய நாட்களை அவர் படுக்கையிற் கழிக்கவில்லை. ஊர் ஊராகச் சென்றும் தொலைக்காட்சியில் தோன்றியும், தம்மைப்போல் வேலை செய்வோருக்காகப் பேசினார். 2006 மே 22ஆம் நாள் காலமானார். உணவுச்சாலைகளிலும் மதுச்சாலைகளிலும் உள்ளே புகைத்தலை முற்றாக விலக்கிய ஒன்ராறியோ மாகாணச் சட்டம், அதே மே மாதம் 31ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இடைவெளி ஒன்பது நாள்.

பிறர் விடும் புகை தீங்கு செய்யுமா என்ற ஐயம் ஒரு காலத்தில் மருத்துவரிடையேயும் இருந்தது. யப்பானிய அறிஞர் தாக்கேஷி ஹிரயாமா என்பவர் தாம் புகைக்காத 91,540 மனைவியரைப் பல ஆண்டுகள் கணக்கெடுத்து வந்து, 1981ஆம் ஆண்டிலே முடிவை வெளியிட்டார். மிகுதியாகப் புகைப்பவரின் மனைவியர், புகைக்காதவரின் மனைவியரைக் காட்டிலும் நுரையீரற் புற்றுநோயால் மிகுதியாக இறந்தனர் என்பதே அம்முடிவு. அதன்பின் எழுந்த ஆய்வுகள் பல. அவற்றையெல்லாம் தொகுத்து 2006ஆம் ஆண்டிலே அமெரிக்கத் தலைமைச் சுகாதார அதிகாரி வெளியிட்ட அறிக்கை இரண்டு செய்திகளை ஐயத்துக்கிடமின்றிக் கூறிற்று. பிறர் புகையைச் சுவாசிப்பதில் தீங்கற்ற அளவு என்று ஓர் அளவு இல்லை; இடத்தைப் பிரிப்பதாலும் காற்றோட்டத்தாலும் அத்தீங்கை முற்றாக நீக்க முடியாது. முப்பது அறைக் கணக்கை இதனோடு வைத்து நோக்கினால், அதன் வலுக்குறைவு தெரிகின்றது.

நாடு முழுவதும் வேலைத்தலங்களில் புகைத்தலை விலக்கிய முதல் நாடு அயர்லாந்து. 2004 மார்ச் 29ஆம் நாள் அது நிகழ்ந்தது. மதுச்சாலையில் புகையில்லையேல் அயர்லாந்தே இல்லை என்று கூறியோர் பலர். அரசு அவர்களுக்குக் கொடுத்த விடை, வாடிக்கையாளரின் உடல்நலத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. மதுச்சாலை என்பது ஒருவருக்குப் பொழுதுபோக்கு. இன்னொருவருக்கு வேலைத்தலம் என்பதே விடை. ஆயினும் ஹோட்டலின் படுக்கையறையை அச்சட்டம் விலக்கி வைத்தது. வாடகை கொடுத்தவருக்கு அவ்வறை அன்றிரவு வீடு போன்றது என்ற எண்ணம் அதற்குக் காரணமாகலாம். வீடுதான், ஆனால் காலையில் அவ்வீட்டைக் கூட்டுபவர் வேறொருவர்.

நிற்க. பள்ளிவாசல்துறை இளைஞன் விமானம் ஏறிப் போகின்றான் என்றோமே, அவன் இறங்கும் ஊர்களிலே விதிகள் எவ்வாறு உள்ளன?

மலேசியாவிலே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளுக்கு 'மாமாக்' கடை என்று பெயர். மாமா என்னும் தமிழ்ச் சொல்லே அவ்வாறு திரிந்து வழங்குகின்றது. சுவரில்லாத கூடம், தெருவோரம் வரை நீளும் மேசைகள், இழுத்து ஆற்றிய தேநீர், நள்ளிரவு தாண்டியும் ஓயாத பேச்சு ஆகியவற்றோடு புகையும் அக்கடைகளின் அடையாளமாகவே இருந்தது. 2019 ஜனவரி 1 முதல் அந்நாட்டு அரசு எல்லா உணவுக் கடைகளிலும் புகைத்தலை விலக்கியது. கூரை உள்ளதா, சுவர் உள்ளதா என்ற வினாவுக்கே இடம் வைக்கவில்லை. திறந்தவெளிக் கடையாயினும், உண்ணும் மேசையிலிருந்து மூன்று மீற்றருக்கு அப்பாற் சென்றே புகைக்க வேண்டும். முதலாண்டில் எச்சரித்தனர், அடுத்த ஆண்டு முதல் தண்டம் விதித்தனர். தம் உரிமை பறிபோயிற்றென்று புகைப்போர் எழுவர் உயர்நீதிமன்றம் சென்றனர். அவர்களுடைய வழக்குத் தள்ளுபடியாயிற்று. மாமாக் கடைகளோ மூடப்படவில்லை. தேநீர் முன்போலவே ஆற்றப்படுகின்றது. புகைக்க விரும்புபவர் எழுந்து தெருவுக்குச் சென்று, முடித்துவிட்டு வந்து அமர்கின்றார்.

சிங்கப்பூரில் இவ்வழக்கம் இன்னும் பழையது. 1970ஆம் ஆண்டிலேயே பேருந்திலும் திரையரங்கிலும் புகைத்தலை விலக்கிய ஊர் அது. உணவங்காடி நிலையங்களுக்கு அவ்விதி 2006 ஜூலையில் வந்தது. ஓர்ச்சட் சாலை என்னும் கடைத்தெருப் பகுதியில், 2019 முதல் குறித்த இடங்களிலன்றி வெளியிலும் புகைத்தலாகாது. பயணி கவனிக்கவேண்டியது வேறொன்றும் உண்டு. வெண்சுருட்டுக்கு அங்கே வரிவிலக்கே கிடையாது. பையில் ஒரேயொரு பெட்டி இருந்தாலும் அதைச் சுங்கத்தாரிடம் கூறித் தீர்வை செலுத்துதல் வேண்டும். பற்றரியால் இயங்கும் மின்புகைக் குழலைச் சிங்கப்பூருக்குள் கொண்டு செல்வதே குற்றம், தாய்லாந்திலும் அவ்வாறே. கொழும்பில் விமானமேறும்போது எவரும் இதனை எடுத்துச் சொல்வதில்லை.

மாலைதீவு இலங்கைக்கு அண்டை நாடு. அங்குள்ள உல்லாச விடுதிகளில் இலங்கையர் பலர் வேலை செய்கின்றனர். 2007 ஜனவரி 1ஆம் நாளிலும் அதற்குப் பின்னும் பிறந்தவர் புகையிலைப் பொருளை வாங்கவும் பயன்படுத்தவும் கூடாது என்று அந்நாடு சட்டஞ் செய்து, 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. வெளிநாட்டுப் பயணிக்கும் அது பொருந்தும். அங்கே கடவுச்சீட்டிலுள்ள பிறந்த தேதியே விதியைத் தீர்மானிக்கின்றது. தந்தையும் மகனும் ஒன்றாகச் சென்றால், தந்தைக்கு ஒரு விதி, மகனுக்கு ஒரு விதி.

தோக்கியோவின் சியோடா வட்டாரத்தில் 2002ஆம் ஆண்டு முதலே, நடந்துகொண்டு தெருவில் புகைத்தால் தண்டம். அக்காலத்தில் அங்கே தெருவிற் புகைக்க முடியாதவர் உணவுச்சாலைக்குள் சென்று புகைத்தனர். இலங்கையர் ஒருவர் தம் ஊர்ப் பழக்கப்படி உணவுச்சாலையை விட்டு மரியாதையாக வெளியே வந்து பற்றவைத்திருந்தால், அதுவே குற்றமாகியிருக்கும்! தாய்லாந்தோ 2018ஆம் ஆண்டிலே இருபதுக்கு மேற்பட்ட கடற்கரைகளின் மணலில் புகைத்தலை விலக்கியது. காரணம், மணலிற் புதைந்த வெண்சுருட்டுத் துண்டுகள். புனித நகரங்களாகிய மக்காவையும் மதீனாவையும் புகையிலை அற்ற நகரங்களாக்கும் முயற்சி இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எடுக்கப்பட்டது. உம்றாப் பயணிகள் அதனை அறிந்தே செல்வது நன்று.

இவற்றையெல்லாம் மனனஞ் செய்து கொண்டு பயணஞ் செய்ய எவராலும் இயலாது. இயலவும் வேண்டியதில்லை. விடுதியில் சாவி வாங்கும்போது, "புகைப்பதற்கு இடம் எங்கே?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அக்கேள்வியைக் கேட்பதில் நம்மவர்க்கு ஏனோ ஒரு கூச்சம். கேட்காமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குளியலறையில் நின்று புகைக்கின்றனர். சாளரத்தைத் திறந்து கையை வெளியே நீட்டிக்கொண்டு புகைக்கின்றனர். சிலர் கூரையிலுள்ள புகையுணர் கருவியைத் துவாயாற் கட்டி மூடுகின்றனர். இது மிகத் தீய செயல். தீப்பிடித்தால் அக்கருவி எழுப்பவேண்டியது அவ்வறைக்காரரை மட்டுமன்று, மாடி முழுவதும் உறங்குபவரையும் ஆகும். அறையில் ஒப்பமிடும் பத்திரத்திலே, புகைத்தால் துப்புரவுக் கட்டணம் அறவிடப்படும் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அரசு விதிக்கும் தண்டத்தினும் அக்கட்டணம் பல இடங்களில் பெரிது.

அக்கட்டணம் வீண் மிரட்டல் என்று எண்ணுவோர் உளர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹோட்டல்களை ஆராய்ந்தோர் வேறுவிதமாகக் கண்டனர். சில அறைகளில் மட்டும் புகைக்க விடும் ஹோட்டல்களையும், எங்குமே புகைக்க விடாத ஹோட்டல்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். முன்னதில் 'புகைத்தல் இல்லை' என்று எழுதிய அறைகளிலும் சுவர், மேசை ஆகியவற்றின்மேல் நிக்கொட்டின் படிந்திருந்தது. எங்குமே புகைக்க விடாத ஹோட்டல் அறைகளிலும் பார்க்க அது மிகுதியாக இருந்தது. அங்கே உறங்கிய புகைக்காதவரின் விரல்களிலும் அது ஒட்டியிருந்தது. புகைத்தவர் காலையில் விமானமேறிப் போய்விட்டார். அவர் விட்டுச் சென்றது திரைச்சீலையிலும் தலையணையிலும் இருக்கின்றது. அடுத்து வருபவர் ஓரிரவு அதனோடு தங்குவார். விரிப்பை உதறுபவர் நாடோறும் உதறுவார்.

பள்ளிவாசல்துறையை அடுத்துள்ள கரையோர விடுதிகளில் திரைச்சீலை குறைவு, கிடுகு அதிகம். அரைச்சுவரும் கிடுகுக் கூரையுமாக நிற்கும் உணவுக்கூடம் மூடிய இடமா, திறந்த இடமா என்று சட்டத்தரணிகள் வழக்காடலாம். தென்மேற்குக் காற்று அந்த வழக்கை ஏற்பதில்லை. கடற்பக்கத்து மேசையில் விடும் புகையை அது கூடத்தின் குறுக்கே கொண்டு சென்று நேரே சமையற்கட்டில் சேர்க்கின்றது. ஒரு பொறியையும் அவ்வாறே கூரையிற் சேர்க்க வல்லது. காய்ந்த கிடுகு பற்றினால் அணைப்பதற்கு நேரமில்லை என்பது ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்தவருக்குச் சிரட்டையை நீட்டிய கை, வெளிநாட்டவரிடம் "இங்கே வேண்டாம்" என்று சொல்லத் தயங்குகின்றது. ஆனால் வந்திருக்கும் ஐரோப்பியர் தம் நாட்டில் உணவுச்சாலையினுள் புகைத்துப் பழகியவரல்லர். பெரும்பாலும் அவரே எழுந்து வெளியே செல்ல ஆயத்தமாக இருக்கின்றார். எங்கே போவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. ஆதலால் கூரையிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி, சமையற்கட்டுக்குக் காற்றுக்கீழான பக்கத்தில் ஒரு வாங்கைப் போட்டு, அதனருகே ஈர மணல் நிரப்பிய ஒரு மண்பானையை வைத்தால், விடுதிக்காரர் வாய் திறக்கவேண்டிய தேவையே இராது. பானையை நாள்தோறும் வெறுமையாக்கவேண்டும். இல்லையேல் காற்று அத்துண்டுகளைக் கரைக்குக் கொண்டுபோகும். காலையில் வலை இழுப்பவர் காலடியில் அவை கிடக்கும்.